இசைக்கலைஞர்களுக்கு இயர்பிளக்: கழற்றத் தோன்றாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பேஸ் கிதார் வாசிப்பவன் நான். மேடையில் ட்ரம்மருக்கு இடப்பக்கம், அவருடைய ஹை-ஹாட்டை (காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பல்) ஒட்டினாற்போல நிற்பது வழக்கம். காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும் பேஸும் ஒன்றாக நடக்க வேண்டும். அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏழெட்டு வருடம் அப்படி நின்ற பிறகு ஒருநாள் இரவு, படுத்ததும் வலது காதில் மட்டும் மெல்லிய விசில் போல ஒரு சத்தம். ஏதோ மின்கருவி கத்துகிறது என்று எழுந்துபோய் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தேன். எல்லாம் அணைந்த பிறகு அந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், அப்போதே என்னிடம் இயர்பிளக் இருந்தது. கடையில் இருந்ததிலேயே பெரிய எண் போட்ட ஃபோம் பிளக். அதைப் போட்டால் மொத்த பேண்டும் தலையணைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோலக் கேட்கும். இரண்டாவது பாட்டிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். சோம்பல் ஒரு காரணம்தான். பெரிய காரணம், எனக்குப் பொருந்தாத பிளக்கை வாங்கியது. எந்த பிளக்கைக் கடைசிப் பாட்டுவரை கழற்றாமல் வைத்திருப்பீர்களோ அதைத்தான் தேட வேண்டும். அது ஏன் என்பதற்குக் கீழே கணக்கே இருக்கிறது.

படி 1: முதலில் சத்தத்தை அளந்து பாருங்கள்

அளக்காமல் பிளக் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம், 97-ல் அரை மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிடம். 3 டெசிபல் என்பது காதுக்குச் சின்ன வித்தியாசமாகத்தான் படும். ஆனால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் அங்கே இரண்டு மடங்கு ஆகிறது. நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான்.

சின்ன அறையில் ட்ரம்ஸும் இரண்டு கிதார் ஆம்ப்பும் (ஒலிபெருக்கிப் பெட்டி) சேர்ந்தால் 100 டெசிபலைத் தொடுவது அரிதே அல்ல. அங்கே 2 மணி நேரம் ஒத்திகை பார்த்தால், ஒரு நாளைக்கு அனுமதித்த அளவைப் போல 8 மடங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நயோஷே இலவசமாகத் தரும் ஒலி அளவி செயலி இருக்கிறது. மற்ற போன்களில் மைக்கின் தரத்தைப் பொறுத்து எண் முன்னே பின்னே இருக்கும், தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். போனை உங்கள் காது உயரத்தில், நீங்கள் வாசிக்கும் இடத்திலேயே வையுங்கள். காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் ‘ஏ-வெயிட்டிங்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பார்க்காமல், ஒத்திகை முழுவதற்குமான சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அளக்க எதுவும் இல்லையா? கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கழித்தல் கணக்கு. 100 டெசிபல், 2 மணி நேரம். 2 மணி நேரத்துக்கு வரம்பு 91. ஆகவே உங்களுக்கு நிஜமாகத் தேவையான குறைப்பு 9 டெசிபல். கொஞ்சம் கையிருப்பு சேர்த்து 12 அல்லது 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் 33 வேண்டாம். இந்த ஒரு எண் கையில் இருந்தால் கடையில் பாதி டப்பாக்களைத் தொடவே வேண்டியதில்லை.

படி 2: பிளக்குக்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

திறந்தவெளியில் சத்தம் வரும் இடத்திலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் சிம்பலை விட்டு இரண்டடி தள்ளி நிற்பது சும்மா கிடைக்கும் பாதுகாப்பு. கிதார் ஆம்ப்பைத் தரையில் வைத்தால் அது வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். அவருக்குக் கேட்காது, ஏற்றிக்கொண்டே போவார். நாற்காலி மேல் வைத்துக் காதைப் பார்த்துச் சாய்த்துவிட்டால் அவரே குறைத்துவிடுவார். இதை யாரிடமும் கெஞ்சாமல் செய்ய முடியும் என்பது இதன் சிறப்பு.

மின்சாரம் இல்லாத இசையில் இந்த ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸ் வழக்கைப் படிக்க வேண்டும். 2012-ல் ஓர் ஒத்திகையில், பித்தளை ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார வைக்கப்பட்ட வயோலா கலைஞர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2018-ல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2019-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு அவர் பக்கமே நின்றது. அவருக்குக் காதுப் பாதுகாப்புக் கருவிகள் கொடுக்கப்பட்டிருந்தன என்பதையும் கவனியுங்கள். உட்கார்ந்த இடம் மோசமாக இருந்தால் பிளக் தனியாக எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்காது.

படி 3: ஃபோம் ஏன் பாட்டைக் கொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளிக் காதிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருப்பதால், பேனா மூடியில் ஊதினால் வருவதுபோல அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. ஏறத்தாழ 2700 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியில் வரும் ஒலியைக் குழாயே பெரிதாக்கிக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து நம் மூளை அப்படிக் கேட்டே பழகியது.

குழாயை அடைத்தால் அந்தப் பெருக்கம் போய்விடுகிறது. போதாததற்கு, ஃபோம் மேல் ஸ்தாயி ஒலிகளைக் கீழ் ஸ்தாயியைவிட அதிகமாக விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் பாடகரின் வல்லின எழுத்துகள் மழுங்கும், சிம்பல் தகரம் ஆகும், பேஸ் மட்டும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது எல்லா ஸ்தாயியிலும் ஒரே அளவு குறைப்பது, வால்யூம் குமிழைத் திருப்பியதுபோல.

1988-ல் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் கொண்டுவந்த ஈஆர்-15 இதைத்தான் செய்தது. மெல்லிய சவ்வுள்ள ஒரு சின்னப் பொத்தானும் (இதைத்தான் ஃபில்டர் என்பார்கள்), காதுக்கு அச்செடுத்துச் செய்த பிளக்குக்குள் ஓடும் துளையும் சேர்ந்து, காதுக்குழாய் இழந்த அந்தச் சுருதியைத் திரும்பக் கொண்டுவருகின்றன. விளைவு, ஏறக்குறைய சமமான 15 டெசிபல் குறைப்பு. பிறகு 9, 25 என்று வேறு அளவுகளும் வந்தன. இன்று பல நிறுவனங்கள் செய்யும் ‘மியூசிஷியன்ஸ் இயர்பிளக்’ எல்லாவற்றுக்கும் அடிப்படை யோசனை இதுவே. டப்பாவில் ‘ஹை-ஃபிடெலிட்டி’ என்று போட்டிருப்பது மட்டும் சான்று ஆகாது. எதைப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த படியில்.

படி 4: டப்பாவில் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்கத் தரப்படி வரும் டப்பாவில் என்ஆர்ஆர் என்றும், ஐரோப்பியத் தரப்படி வருவதில் எஸ்என்ஆர் என்றும் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்லும் ஓர் எண் இருக்கும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. இரண்டுமே சோதனைக் கூடத்தில் எடுத்தவை. நாம் அவசரமாக மேடைக்குப் பின்னால் சொருகும்போது அந்த எண் கிடைக்காது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் நடைமுறைக் கணக்கு இப்படிப் போகும்: என்ஆர்ஆர் எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கு. 33 போட்ட ஃபோம் பிளக் இந்தக் கணக்கில் 13 ஆகிறது.

நேர்மாறான கூத்தும் உண்டு. என்ஆர்ஆர் கணக்கிடும்போது ஆளுக்கு ஆள் வரும் வேறுபாட்டுக்காகப் பெரிய கழிவு எடுப்பார்கள். அதனால் சரியாகப் பொருந்தினால் 20 டெசிபல் குறைக்கும் நல்ல இசை பிளக்கின் மேல் 12 என்று போட்டிருக்கலாம். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து நான் ஒருமுறை அதை அலமாரியிலேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரியுங்கள். 125 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வோர் அலைவரிசைக்கும் எத்தனை டெசிபல் குறைகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த வரிசை 16, 17, 18, 17, 20 என்று கிட்டத்தட்டச் சமமாகப் போனால் அது இசைக்கானது. 22-ல் தொடங்கி 40-க்கு மேல் ஏறினால் அது தொழிற்சாலைக்கானது, டப்பாவில் கிதார் படமே போட்டிருந்தாலும். அட்டவணையே இல்லாத பொருளை நான் வாங்குவதில்லை.

படி 5: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஃபோம் பிளக்கை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். மேடை அமைக்கும்போது, சவுண்ட் செக் இழுத்துக்கொண்டே போகும்போது, பார்வையாளராகப் போகும்போது அது போதும். பையில் இரண்டு ஜோடி கிடக்கட்டும். பஞ்சும் சுருட்டிய காகிதமும் பிளக் ஆகாது. சில டெசிபல்தான் குறையும், பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற நினைப்பு மட்டும் முழுசாக வரும்.

பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடம், ஃபில்டர் உள்ள ரெடிமேட் சிலிகான் பிளக். குடை குடையாக இரண்டு மூன்று மடிப்பு இருக்கும். பல அளவு முனைகளோடு வருவதை வாங்குங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவு என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு வலதில் நடுத்தரம், இடதில் சிறியது. ஃபில்டரை மாற்றும் வசதி இருந்தால் ஒத்திகைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வாசிப்பவர் என்றால் அச்செடுத்துச் செய்த பிளக்குக்குப் போய்விடுங்கள். செவித்திறன் நிபுணர் முதலில் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தால் எடுத்த பிறகுதான் அச்சு. ஆழத்தில் ஒரு சின்னப் பஞ்சுத் தடையை வைத்து, மேலே சிலிகான் கலவையை நிரப்பி, சில நிமிடத்தில் உருவி எடுப்பார். இங்கே நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அச்சு காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்ட வேண்டும். இன்னொன்று, பாடகரோ ஊதுகருவிக்காரரோ என்றால் வாயைத் திறந்து வைத்த நிலையில் அச்செடுக்கச் சொல்லுங்கள். தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறும். மூடிய வாயில் எடுத்த அச்சு முதல் உச்ச ஸ்வரத்திலேயே கசியத் தொடங்கும்.

எலக்ட்ரானிக் பிளக், சத்தம் குறைவாக இருக்கும்போது அப்படியே விட்டு, ஏறும்போது மட்டும் அடக்கும். நீண்ட மௌனமும் திடீர் முழக்கமும் மாறி மாறி வரும் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கு நன்றாக இருக்கும். பேட்டரியைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்-இயர் மானிட்டரை, அதாவது மேடையில் தன் வாசிப்பைத் தானே கேட்கக் காதுக்குள் மாட்டும் இயர்போனைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை உலவுகிறது. அது காதை நன்றாக அடைக்கும், உண்மை. ஆனால் அடைத்த காதுக்குள்ளேயே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. வெளிச்சத்தம் குறைந்ததைப் பயன்படுத்திக்கொண்டு உள்ளே குறைவாக வைத்தால் பாதுகாப்பு. இல்லாவிட்டால் ஆபத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்ததுதான் மிச்சம். எல்லாவற்றிலும் மோசம், கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடுவது. கழற்றிய காது மேடைச் சத்தத்தை அப்படியே வாங்குகிறது. மாட்டிய காதில் தனியாகச் சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறோம். ஆரவாரம் வேண்டுமானால் அதற்கென்று ஒரு மைக் வைத்து மானிட்டருக்குள் கலக்கச் சொல்லுங்கள்.

படி 6: உங்கள் கருவிக்கு எத்தனை டெசிபல்?

ட்ரம்மருக்கும் தாளக் கருவிக்காரருக்கும் 25 பக்கம் போகலாம். ஸ்னேர் ட்ரம்மின் ஒவ்வோர் அடியும் மிகக் குறுகிய, மிக உயர்ந்த தாக்கு. சராசரி எண்ணில் அது முழுசாகத் தெரியாது. ஆம்ப் வைத்து வாசிப்பவர்களுக்கும், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கும் 15 சரியாக வரும். பேஸின் கீழ் ஸ்தாயி காதைக் கெடுப்பதைவிடப் பக்கத்து சிம்பல்தான் கெடுக்கிறது. ஆகவே உங்கள் கருவியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் யார் என்று பாருங்கள்.

வயலின், வயோலா வாசிப்பவர்களுக்குக் கருவி இடது காதுக்குக் கீழேயே இருப்பதால் அந்தக் காது அதிகம் வாங்கும். தனியாகப் பயிற்சி செய்யும்போது இடதில் மட்டும் 9 போட்டுக்கொள்வது நல்ல தொடக்கம். முழு ஆர்க்கெஸ்ட்ராவில் பின்னால் ட்ரம்பெட் இருந்தால் இரண்டிலும் 15.

பாடகர்களுக்கும் ஊதுகருவிக்காரர்களுக்கும் ஒரு தனிச் சிக்கல். காதை விரலால் மூடிக்கொண்டு ‘ம்…’ என்று இழுத்துப் பாருங்கள். சொந்தக் குரல் பீப்பாய்க்குள் இருந்து வருவதுபோல முழங்கும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியின்றிக் குழாய்க்குள் தேங்குவதால் இப்படி ஆகிறது. நம்ப முடியாதபடி இதற்கு மருந்து, பிளக்கை இன்னும் ஆழமாகப் போடுவதுதான். இரண்டாவது வளைவைத் தாண்டி எலும்புப் பகுதியில் அடைத்தால் அந்த முழக்கம் வெகுவாகக் குறையும். அதிலும் சரிப்படாவிட்டால் 9 டெசிபல் ஃபில்டர், அல்லது சின்னக் காற்றுத் துளை வைத்த அச்சு பிளக்.

சவுண்ட் என்ஜினியர்கள் பிளக்கே போடாமல் இருப்பதற்குத் தொழிலையே காரணமாகச் சொல்வார்கள். மிக்ஸை முடிவு செய்யும் சில நிமிடங்களுக்குக் கழற்றுங்கள், மீதி நேரம் 9 போடுங்கள். குழந்தைகளுக்குச் சொருகும் பிளக் வேண்டாம். தலைக்கு மேல் போடும் இயர்மஃப் போதும்.

படி 7: சரியாகப் போடுங்கள், கழற்றாதீர்கள்

ஃபோம் என்றால், சுத்தமான விரலால் மெல்லிய குச்சி ஆகும்வரை உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள், குழாய் நிமிரும். உள்ளே தள்ளி, விரிந்து முடிக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சிலிகான் பிளக்குக்கும் அதே இழுப்புதான். லேசாக ஆட்டி ஆட்டி உள்ளே விடுங்கள். போட்ட பிறகு இரண்டு கையையும் காதுமேல் கிண்ணம்போல இறுக்கி வைத்து எடுத்துப் பாருங்கள். கை வைத்தபோது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் எங்கோ கசிகிறது. சத்தம் தொடங்குவதற்கு முன் போட்டுவிட வேண்டும். கழற்றும்போது மெதுவாகத் திருகி எடுங்கள், சட்டென்று பிடுங்கினால் செவிப்பறை வலிக்கும்.

தொடக்கத்தில் நான் சொன்ன கணக்கு இதுதான். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 2 மணி நேர ஒத்திகையில் 12 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தீர்கள் என்று கொள்வோம். மொத்த ஒலி ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அப்படியே உள்ளே போய்விட்டது. கிடைத்த பாதுகாப்பு 10 டெசிபல். பாதி நேரம் கழற்றினால் வெறும் 3. அதே 2 மணி நேரமும் 15 டெசிபல் பிளக்கைக் கழற்றாமல் வைத்திருந்தவருக்கு முழு 15-உம் கிடைத்தது. பெரிய எண் போட்ட என் ஃபோம் பிளக் இத்தனை வருடம் எனக்குக் கொடுத்தது 1 டெசிபல்கூட இருக்காது.

முதல் இரண்டு மூன்று வாரம் விநோதமாகத்தான் இருக்கும். மேடையில் போய் முதல்முறை போடாதீர்கள், இரண்டாவது பாட்டில் கழற்றிவிடுவீர்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது 15 நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஒரு முழு ஒத்திகை என்று கூட்டிக்கொண்டு போங்கள். ட்ரம்மர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சத்தம் குறைவாகக் கேட்பதால் கை தானாகவே பலமாக அடிக்கத் தொடங்கும், மணிக்கட்டு வலிக்கும்போதுதான் தெரியவரும்.

பராமரிப்பும், டாக்டரிடம் போக வேண்டிய நேரமும்

ஃபோமைக் கழுவக் கூடாது. அழுக்கானால், அமுக்கியபின் விரியாவிட்டால், தூக்கி எறியுங்கள். சிலிகானை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஆனால் ஃபில்டரைக் கழற்றிய பிறகு. ஃபில்டரில் குறும்பியோ தண்ணீரோ போனால் அதன் சமநிலை கெட்டுவிடும். முன்பைவிட மந்தமாகக் கேட்கிறது என்றால் முதலில் அந்தத் துளையைத்தான் பாருங்கள். அச்செடுத்த பிளக்கும் நிரந்தரம் இல்லை. உடல் எடை மாறினாலும் வயது கூடினாலும் காதுக்குழாயின் வடிவம் மாறும். கசியத் தொடங்கினால் புது அச்சு எடுக்க வேண்டியதுதான்.

உட்காதில் ஒவ்வொரு பக்கமும் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத் தொடங்கும். பேச்சு நன்றாகவே கேட்பதால் நமக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை செவித்திறன் சோதனை எடுத்து அந்தத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். வாசித்த மறுநாளும் காதில் இரைச்சல் நிற்கவில்லை, சாதாரணச் சத்தமே கூசுகிறது, ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியில் கேட்கிறது என்றால் அடுத்த நிகழ்ச்சி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் தர அதிக வாய்ப்பு.